எல்லா டி.வி.க்கும் ஒரே ரிமோட்: கடையில் வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடையில் ரிமோட்டுக்கு என்ன வேலை என்று நம் வணிக அன்பர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆனால் திற்பரப்பு, களியல், அருமனை பகுதிகளில் ரிமோட் பேட்டரியும் ரிமோட் உறையும் பெட்டிக்கடையில்கூடத் தொங்குவதைப் பார்க்கிறோம். பேட்டரி வாங்கிப் போனவர் மறுநாள் வந்து, "பேட்டரி மாத்தியும் வேலை செய்யலையே அண்ணாச்சி, புது ரிமோட் இருக்கா?" என்று கேட்பது இயல்பு. அப்போது மொத்த வியாபாரி கொடுத்த 'யுனிவர்சல்' ரிமோட் ஒன்றை எடுத்து நீட்டிவிடுகிறோம். நான்கில் ஒன்று திரும்பி வந்தாலும் அதில் கிடைத்த லாபம் போய்விடும். வாடிக்கையாளரின் முகம் சுளிப்பது தனி நஷ்டம்.

ஒரு வீட்டில் இத்தனை ரிமோட் சேர்ந்த கதையை முதலில் பார்ப்போம். தமிழக அரசு 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது, கேபிள் வயரை டி.வி.யில் நேரே செருகினால் போதும், ஒரே ரிமோட்தான். 2012 முதல் நாட்டில் கேபிள் ஒளிபரப்பு படிப்படியாக டிஜிட்டல் ஆனது. 2017-ல் அரசு கேபிள் நிறுவனமும் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. இரண்டாவது ரிமோட் வந்தது. பாட்டுப் பெட்டிக்கு ஒன்று, இணையப் படம் பார்க்கும் 'ஸ்டிக்'குக்கு ஒன்று என்று பிறகு வளர்ந்துவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வீட்டில் இருக்கும் பெரியவர் தவறான பொத்தானை அழுத்தினால் திரை நீலமாகிவிடுகிறது; பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை செய்தியும் இல்லை, சீரியலும் இல்லை. இத்தகையவர்தான் நம்மிடம் ஒரே ரிமோட் கேட்டு வருகிறார். அவருக்குத் தவறான சரக்கைக் கொடுத்தால், இருந்த குழப்பத்தோடு இன்னொன்றும் சேரும்.

நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த அதே 1956-ல்தான் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், அழுத்தினால் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பேட்டரியே கிடையாது. உள்ளே சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். இன்று நம் கடையில் இருப்பவை அகச்சிவப்புக் கதிர் ரிமோட்டுகள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி விநாடிக்கு 36,000 முதல் 40,000 தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பும் விதமே கட்டளை. பிலிப்ஸ் ஒரு முறை வகுத்தது, என்.இ.சி. வேறொன்று வகுத்தது, சோனிக்குத் தனி முறை. நம் கல்லாவுக்கு முன்னால் தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாலும் நாம் சமாளித்துக்கொள்கிறோம். டி.வி.க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை; தனக்குரிய ஒரே பாஷைதான் அதற்குப் புரியும்.

ஒரே பெயர் போட்ட டி.வி.யாக இருந்தாலும் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் கட்டளை மாறலாம். சிறு நிறுவனங்கள் வெளியிலிருந்து போர்டு வாங்கிப் பொருத்தி விற்கும் டி.வி.களில் முகப்பில் உள்ள பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. செட்டாப் பாக்ஸும் அப்படியே. ஆகவே, "என்ன கம்பெனி டி.வி.?" என்று மட்டும் கேட்டு ரிமோட் கொடுப்பது பாதி வியாபாரம்தான். "பழைய ரிமோட்டைக் கொண்டு வாங்க" என்பதே நாம் முதலில் சொல்ல வேண்டியது. கூடவே டி.வி.யின் பின்புறச் சீட்டில் உள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லலாம்.

பழைய ரிமோட் கைக்கு வந்ததும், புதிய பேட்டரி போட்டு, போனின் முன்பக்கக் கேமரா முன்னால் வைத்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். நுனியில் உள்ள விளக்கு மங்கிய ஊதா நிறத்தில் மின்னினால் அந்தப் பொத்தான் வேலை செய்கிறது. (பின்பக்கக் கேமராக்கள் சில இந்தக் கதிரை வடிகட்டிவிடும்.) பல சமயம் கோளாறு பேட்டரி கம்பியில் பிடித்த பச்சைக் களிம்பாகவே இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இது அதிகம். துடைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். ரிமோட் விற்காமல் போனாலும் அந்த ஆள் நம் வாடிக்கையாளர். பொத்தான் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் வேறு வழியில்லை. (அது நம் தோட்டத்து ரப்பர் அல்ல, பெரும்பாலும் சிலிக்கான் ரப்பர்.)

இனி எதைக் கொடுப்பது? தொலைந்தது ஒரு ரிமோட்தான் என்றால் அதே வடிவில் அதே மாடலுக்கென்று வரும் மாற்று ரிமோட் போதும். பேட்டரி போட்டவுடன் வேலை செய்யும். பெரியவருக்குப் பொத்தான் இருக்குமிடம் பழக்கமானது. அருவிக்கு வருவோர் தங்கும் அறைகளுக்கும் இதையே சிபாரிசு செய்வோம். யுனிவர்சல் கொடுத்தால் வந்து தங்குபவர் எதையாவது அழுத்தி அமைப்பை மாற்றிவிட்டுப் போவார்.

எண்பட்டியல் அச்சிட்ட தாளோடு வரும் யுனிவர்சல் ரிமோட்டில், டி.வி.க்குரிய எண்ணைப் போட்டோ தானே தேடச் சொல்லியோ பொருத்த வேண்டும். அதற்குள் பதிந்து வைத்த கட்டளைகளுக்கு உட்பட்டதே அதன் 'எல்லாம்'. ஒலி கூடும், சேனல் மாறும். ஆனால் மெனு வராது என்பது போன்ற அரைகுறைப் பொருத்தம் இதில்தான் ஏற்படும். எனவே விற்கும்போதே மெனு, ஏ.வி. மாற்றும் பொத்தான் இரண்டையும் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நம் அனுபவத்தில் வீட்டுக்கு நல்லது கற்றுக்கொள்ளும் ரிமோட். பழைய ரிமோட்டின் நுனியையும் புதியதன் நுனியையும் இரண்டு விரற்கடை இடைவெளியில் எதிரெதிரே வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் புதியது பாடம் படித்துக்கொள்ளும். என்ன கம்பெனி என்ற கேள்வியே எழாது. ஆனால் பழையது உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே தேயத் தொடங்கிய உடனேயே வாங்கிக்கொள்ளச் சொல்வது நம் கடமை. வாங்கும்போது மொத்த வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றி மாற்றினால் படித்தது மறந்துபோகுமா? மறந்துபோகும் சரக்கானால் வேண்டாம். செட்டாப் பாக்ஸ், டி.டி.எச். ரிமோட்டுகள் சிலவற்றிலேயே டி.வி.யின் பவர், ஒலி பொத்தான்களைக் கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. பெரியவர் வீட்டுக்கு அதுவே போதும்.

பேசினால் கேட்கும் மைக் வைத்த ரிமோட் கேட்டு வந்தால் எச்சரிக்கை தேவை. அது புளூடூத் மூலம் இணைவது. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டால் அந்தப் பேச்சு வேலையைச் செய்ய முடியாது. டி.வி.யில் செருகும் ஸ்டிக் பலவற்றில் அகச்சிவப்புக் கதிரை வாங்கும் கண்ணே இல்லை. இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதே மரியாதை.

சட்டத்தையும் நினைவில் வைப்போம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை நம்மைக் காப்பாற்றாது. பொருந்தாத ரிமோட் வேறு, பழுதான ரிமோட் வேறு என்பது உண்மை. ஆனால் 'எல்லா டி.வி.க்கும்' என்று நாமே வாயால் சொல்லி விற்றிருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். பில்லில் மாடல் எண்ணை எழுதிக் கொடுப்பது நல்லது. உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு இல்லாத சரக்கை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சில மெல்லிய ரிமோட்டுகளில், குறிப்பாகப் பாட்டுப் பெட்டிகளுடன் வருபவற்றில், நாணயம் போன்ற வட்ட பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கத் தொடங்கும், உயிருக்கே ஆபத்து. மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். கல்லாவுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டுங்கள். விற்கும்போது ரிமோட்டின் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சுற்று டேப் ஒட்டிக் கொடுங்கள்.