கூடிக் கற்ற கருவி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால் சில வேளைகளில் கூடமும் உண்மையாகவே கோணலாக இருந்துவிடுவதுண்டு. அப்போது ஆட வந்தவள் என்ன செய்வாள்? தனக்கு முன்னே அந்தக் கூடத்தில் ஆடியவர்களைக் கேட்டு, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அறிந்துகொள்வாள். இசைக் கருவிகளின் வரலாற்றில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது, ஜப்பான் நாட்டின் யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்னும் சிந்தசைசர். கற்பதற்குக் கடினமான இக்கருவியை மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வாறு கற்றனர், அதிலிருந்து மாணவர்களாகிய நாம் பெறும் பாடம் யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கருவியின் பிறப்பு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்னும் இசையமைப்பாளர் 1967இல் கணினியைக் கொண்டு ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஓர் ஒலியின் அதிர்வெண்ணைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் அசைத்தால் அது நடுங்கும் சுரமாகக் கேட்கும். நொடிக்கு ஐந்தாறு முறை அசைத்தால் அந்த அசைவு நம் காதுக்குத் தெரியும். அசைவின் வேகத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறையாக உயர்த்தினால், நடுக்கம் மறைந்து, முற்றிலும் புதியதொரு ஒலி பிறக்கிறது. இதனையே சௌனிங் கண்டறிந்தார். 1973இல் இதுபற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1977இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. யமஹா நிறுவனம் இம்முறையைப் பல்கலைக்கழகத்திடமிருந்து உரிமம் பெற்றுக் கருவியாக்கியது.

உள்ளே நடப்பது என்ன?

நம் பாடநூலில் வானொலி ஒலிபரப்புப் பற்றிய பகுதியில் படிக்கும் அதிர்வெண் பண்பேற்றமே இதன் அடிப்படை. ஊர்தி அலை ஒன்று. பண்பேற்றும் அலை மற்றொன்று. ஊர்தி அலையின் அதிர்வெண்ணோடு பண்பேற்றும் அலையின் அதிர்வெண்ணை ஒருமடங்கு, இருமடங்கு, மும்மடங்கு எனக் கூட்டியும் கழித்தும் வரும் இடங்களில் புதிய அதிர்வெண்கள் தோன்றும். கழிக்கும்போது எதிர்க்குறி வந்தால், அதே அளவுள்ள நேர் அதிர்வெண்ணாகவே அது காதில் ஒலிக்கும்.

ஊர்தி அலை 200 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். பண்பேற்றும் அலையும் 200 ஆனால் 400, 600, 800 என எல்லா மடங்குகளும் கிடைக்கும். பண்பேற்றும் அலை 400 ஆனால் 600, 1000 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே தோன்றி, கிளாரினெட்டை நினைவூட்டும் ஒலி பிறக்கும். அதுவே 280 ஆனால் 480, 760, 80, 360 என வரும். இவை 200இன் முழு மடங்குகள் அல்ல. எனவே மணியோசை போன்ற உலோக ஒலி எழும். இரண்டே அலைகளின் விகிதத்தை மாற்றி இத்தனை வகை ஒலிகளைப் பெற முடிவதே இம்முறையின் சிறப்பாகும்.

இரண்டு வரிச் சாளரம்

டிஎக்ஸ்7இல் இவ்வாறான அலை இயற்றிகள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு உண்டு. எது எதனைப் பண்பேற்றுவது என்பதற்கு 32 அமைப்புகள் உள்ளன. ஓர் ஒலியை முழுமையாகக் குறிக்க 145 எண்கள் வேண்டும். பெயருக்குரிய பத்து எழுத்துகளையும் சேர்த்தால் 155. பழைய சிந்தசைசர்களில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு திருகு இருந்தது. கண்ணால் பார்த்தே நிலைமையை அறியலாம். இக்கருவியிலோ தட்டையான பொத்தான்களும், மதிப்பை மாற்ற ஒரே ஒரு நகர்த்தியும், இரண்டு வரிகள் மட்டும் காட்டும் சிறு சாளரமுமே இருந்தன. ஒரு நேரத்தில் ஓர் எண்ணையே காண இயலும். சாவித்துளை வழியே மாளிகையைப் பார்ப்பது போன்றது இது.

ஆதலால் பலர் நிறுவனம் உள்ளே வைத்தனுப்பிய ஒலிகளோடு நின்றுவிட்டனர். பழுதுபார்க்க வந்த கருவிகளுள் பெரும்பாலானவற்றில் அவ்வொலிகள் மாற்றப்படாமலே இருந்தன என்று இசைக் கலைஞர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் மிகை இருக்கலாம். எனினும் அப்பேச்சு பிறந்ததற்குக் காரணம் உண்டு.

தாளில் பயணம் செய்த ஒலிகள்

இந்நிலையில் கைகொடுத்தவர்கள் பிற பயனாளர்களே. ஓர் ஒலி என்பது எண்களின் வரிசைதானே! ஆகவே அதனைத் தாளில் எழுதலாம். கட்டங்கள் அச்சிட்ட தாளில் எண்களை நிரப்பி ஒருவருக்கொருவர் கொடுத்தனர். இசை இதழ்கள் அவற்றை வெளியிட்டன. புகழ்பெற்ற இசைக் கலைஞர் பிரையன் ஈனோ, தாம் அமைத்த ஒலிகள் சிலவற்றின் விவரத்தை 1987இல் 'கீபோர்டு' என்னும் இதழின் வழியே வாசகர்களுக்கு வழங்கினார். 1983இல் அறிமுகமான மிடி என்னும் இணைப்பு முறையால், 32 ஒலிகளின் முழுத் தொகுப்பையும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி வழியே அனுப்பவும் முடிந்தது. சுருக்கிய வடிவில் ஓர் ஒலிக்கு 128 பைட்டு. 32 ஒலிகளுக்கு 4096 பைட்டு. அவ்வளவே! 1986இல் சௌனிங்கும் டேவிட் பிரிஸ்டோவும் இணைந்து இம்முறையை விளக்கி ஒரு நூலும் எழுதினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேடு, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்று கூறும். கொள்கை நூல், அது ஏன் அவ்வாறு செய்கிறது என்று கூறும். ஆனால் எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதைப் பழகியவர் மட்டுமே கூற முடியும். இம்மூன்றாவது அறிவு நூலில் அரிதாகவே கிடைக்கும்.

ஒரு சிறு அனுபவம்

இக்கருவியைப் போலவே ஒலிக்கும் இலவசக் கணினி மென்பொருள் இன்று கிடைக்கிறது. பழைய ஒலித் தொகுப்புகளையும் அது ஏற்கும். அதில் நான் பல நாள் முயன்றும் ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஆறையும் சேர்த்துக் கேட்டா ஒண்ணும் புரியாது. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாரு" என்றார்.

புகழ்பெற்ற மின் பியானோ ஒலியை எடுத்து அவ்வாறே செய்தேன். அதில் அலை இயற்றிகள் மூன்று இணைகளாக நிற்கின்றன. இரண்டாவதை அணைத்ததும், சாவியை அழுத்தும்போது எழும் 'டிங்' என்னும் உலோக ஓசை மறைந்து, மென்மையான சுரம் மட்டும் எஞ்சியது. அந்த இரண்டாவதன் அதிர்வெண் ஊர்தி அலையைப்போல் 14 மடங்கு! பல நாள் விளங்காதது ஒரு நொடியில் விளங்கிற்று.

அண்ணன் தம் கோடிட்ட நோட்டையும் கொடுத்தார். அதிலிருந்து மணியோசை ஒன்றின் எண்களைப் படியெடுத்து வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் மணி ஒலிக்கவில்லை. கரகரவென்று ஏதோ ஒலித்தது. மென்பொருள் சரியில்லை என்றும், பிறகு அண்ணனின் நோட்டே தவறு என்றும் எண்ணினேன். கூடம் கோணல் என்றவளின் கதைதான்! இரவு கணக்கிட்டுப் பார்த்தேன். நான் எழுதி வைத்திருந்த விகிதம் 14.0. ஊர்தி அலை 200 எனில் பண்பேற்றும் அலை 2800. கூட்டினாலும் கழித்தாலும் 3000, 2600 என்று எல்லாம் 200இன் மடங்குகளே. இதிலிருந்து மணியோசை எப்படி வரும்? மறுநாள் நோட்டைப் பார்த்தால் அதில் தெளிவாக 1.40 என்றிருந்தது. புள்ளியை இடம் மாற்றியது என் கையே.

நம்புவதில் உள்ள இடர்

பிறரை நம்பிக் கற்பதில் இருவகை இடர்கள் உண்டு. முதலாவது, எண்ணை வாங்கிக்கொண்டு அறிவை வாங்காமல் விடுவது. ஆயிரம் ஒலிகளைச் சேர்த்து வைத்தவன் ஓர் ஒலியைக்கூட அமைக்கத் தெரியாதவனாய் இருக்கலாம். இரண்டாவது, பலரும் சொல்வதால் ஒன்றை உண்மையென்று கொள்வது. டிஎக்ஸ்7 அதிர்வெண் பண்பேற்றத்தால் இயங்குகிறது என்றே யாவரும் கூறுவர். நானும் மேலே அவ்வாறே கூறினேன். நுட்பமாகப் பார்த்தால் அக்கருவி மாற்றுவது அலையின் கட்டத்தையே ஆகும். காதுக்கு விளைவு பெரும்பாலும் ஒன்றுதான். ஆயினும் இயற்பியல் மாணவனுக்கு வேறுபாடு முக்கியம். 2021இல் கென் ஷிரிஃப் என்னும் பொறியாளர் இக்கருவியின் ஒலிச் சில்லை உருப்பெருக்கியால் படமெடுத்து, அது கணக்கிடும் விதத்தை விளக்கினார். கருவி வெளிவந்து 38 ஆண்டுகளுக்குப் பின்னும், பயன்படுத்துவோர் அதனைப் பற்றிக் கற்பதும் கற்பிப்பதும் ஓயவில்லை என்பது வியப்பிற்குரியது.

முடிவுரை

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். ஆயினும் வடத்தில் நம் கையும் இருந்தால்தான் இழுத்ததாகப் பொருள். பழகியவரிடம் கேட்போம், கேட்டதைக் காதாலும் கணக்காலும் சரிபார்ப்போம், தவறியதையும் மறைக்காமல் அடுத்தவருக்குச் சொல்வோம். ஆய்வகத்தில் முன் ஆண்டு மாணவரின் பதிவேட்டை அப்படியே படியெடுக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். பதிவேட்டிலுள்ள எண் உதவிதான். ஆனால் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும்.

அண்ணனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த மணியோசையின் பக்கத்தில், "1.40, 14.0 அன்று" என்று பென்சிலால் எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் குறித்தேன். அடுத்துப் படியெடுக்க வரும் தம்பிக்கு அது பயன்படும்.