செம்பனையின் தாய்நாடு



மலேசியத் தோட்டப்புறங்களில் வளரும் நமக்குச் செம்பனையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம்முள் பலருடைய பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ அதன் குலைகளை வெட்டியும், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கியும் குடும்பத்தைக் காத்தவர்கள். எனினும், இம்மரம் எங்கிருந்து வந்தது, அங்குள்ள மக்கள் இதனை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று வினவினால், விடையளிக்கக்கூடியவர் நம்முள் சிலரே. வெட்டி எடைபோட்டு ஆலைக்கு அனுப்பும் பொருளாக மட்டும் நாம் அறிந்துள்ள செம்பனை, தன் தாய்நாட்டில் ஏழை எளியவரின் சமையலறையாகவும் கூரையாகவும் கைச்செலவுக்குரிய பணமாகவும் விளங்கி வருகிறது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

பிறந்த மண்

ஆண்டு முழுவதும் பசுமை குன்றாத செம்பனை, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. சியரா லியோன், கானா, நைஜீரியா, கேமரூன், கொங்கோ, அங்கோலா ஆகிய நாடுகள் அதன் தாயகத்தில் அடங்கும். தாவர நூலார் இதற்கு 'எலேயிஸ் கினியென்சிஸ்' என்று பெயரிட்டனர். முதற்சொல் ஒலிவ மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அடுத்த சொல் 'கினிப் பகுதியைச் சேர்ந்தது' எனப் பொருள்படும்.

அங்கே இம்மரம் நம் தோட்டங்களில் உள்ளதுபோல் வரிசையாக மட்டும் நிற்பதில்லை. கிராமத்தைச் சூழ்ந்தும், கிழங்கும் சோளமும் பயிராகும் நிலங்களின் நடுவிலும் தானே முளைத்து நிற்கும். காட்டைத் திருத்தும் உழவர் மற்ற மரங்களை வெட்டினாலும், இதனை வெட்டாது காப்பர். 20 மீட்டருக்கு மேலும் வளரும் மரத்தில், தம் இடுப்பையும் அடிமரத்தையும் சேர்த்து வளைக்கும் கயிற்று வளையத்தின் துணையால் ஆடவர் ஏறிக் குலை வெட்டுவர்.

எண்ணெயும் உணவும்

செம்பனைப் பழம் இருவகை எண்ணெய் தருவது. வெளிச்சதையிலிருந்து கிடைப்பது செந்நிற எண்ணெய். கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து கிடைப்பது வேறோர் எண்ணெய்.

கிராமத்துப் பெண்கள் குலையைச் சிலநாள் வைத்திருந்து, நெகிழ்ந்த பழங்களை உதிர்ப்பர். பின்னர் அவற்றை வேகவைத்து, மர உரலிலிட்டு உலக்கையால் இடிப்பர். இடித்த கூழை நீரில் கரைத்தால் கொட்டையும் நாரும் பிரியும். எண்ணெய் மேலே மிதக்கும். அதனை வழித்தெடுத்துக் காய்ச்சினால் செந்நிற எண்ணெய் ஆயத்தமாகிவிடும். உடைப்பதற்குக் கடினமான கொட்டைகளை உலர்த்தி, கல்லின்மேல் வைத்து மற்றொரு கல்லால் தட்டிப் பருப்பை எடுப்பர்.

நைஜீரியாவின் 'பாங்கா' என்னும் குழம்பும், கொங்கோ நாட்டில் கோழி இறைச்சியுடன் சமைக்கும் 'முவாம்பே'யும் இப்பழச்சாற்றால் ஆனவை. எண்ணெயின் செந்நிறத்திற்குக் காரணம் கரோட்டின் என்னும் சத்து. அதனை நம் உடல் கண்ணுக்கு நலந்தரும் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. நாம் கடையில் வாங்கும் எண்ணெய் வெளிறிய மஞ்சளாக இருப்பதேன்? ஆலையில் தூய்மை செய்யும்போது அந்நிறமும் சத்தும் நீங்கிவிடுகின்றன.

கழிவென்று ஒன்றில்லை

ஓலை கூரை வேய உதவுகிறது, ஈர்க்கு துடைப்பமாகிறது, மட்டை வேலியாகிறது. பழம் நீங்கிய குலையையும் அவர்கள் எறிவதில்லை. அதனை எரித்த சாம்பலைக் கரைத்து வடித்த நீரோடு எண்ணெயைக் காய்ச்சிச் சவர்க்காரம் செய்வர். கொட்டையின் ஓடு அடுப்புக்கு விறகாகும். பருப்பெண்ணெயை உடலிலும் தலையிலும் பூசுவர்.

மரத்தின் சாறு இறக்கிய உடனே பதநீர்போல் இனிக்கும். சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். திருமணத்திலும் முன்னோர் வழிபாட்டிலும் அதற்கு இடமுண்டு. ஆயினும், குடி குடியைக் கெடுக்கும் என்பது அங்கும் இங்கும் ஒன்றே. யொரூபா இனத்தார் தம் பழைய குறிபார்க்கும் முறையில் 16 செம்பனைக் கொட்டைகளைப் புனிதமாகப் போற்றுகின்றனர்.

பெண்கள் காத்த உரிமை

நைஜீரியாவின் இக்போ இனத்தாரிடையே ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெய் விற்ற பணம் கணவனைச் சேரும். கொட்டை உடைத்துப் பருப்பு விற்ற பணம் மனைவிக்கு உரியது. மாலை வேளைகளில் கல்லின்முன் அமர்ந்து உடைத்துச் சேர்த்த சிறு வருவாய் அது.

1929-ஆம் ஆண்டு இறுதியில், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தென்கிழக்கு நைஜீரியாவில், பெண்கள் மீதும் வரி விதிக்கப்படும் என்ற அச்சம் பரவியது. செம்பனைப் பொருள்களின் விலையோ வீழ்ந்திருந்தது. பல்லாயிரம் பெண்கள் திரண்டெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் உயிர்நீத்தனர். எனினும் பெண்கள் மீது வரி விதிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. வரலாறு இதனைப் 'பெண்கள் போர்' என்று குறிக்கிறது. உழைத்துச் சேர்த்த சிறுபொருளின் அருமையைத் தோட்டத்தில் பிறந்த நாம் நன்கு உணர்வோம்.

நம் மண்ணுக்கு வந்த கதை

1848-ஆம் ஆண்டில் நான்கே நான்கு செம்பனைக் கன்றுகள் சாவகத்தீவின் போகோர் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் பரவின. மலாயாவில் 1917-ஆம் ஆண்டு, சிலாங்கூர் மாநிலத்தின் தென்னமராம் தோட்டத்தில் முதன்முதலாக வணிக நோக்கோடு செம்பனை நடப்பட்டது. இன்று நம் நாட்டில் காணும் மரங்களின் தாய்வழி பெரும்பாலும் அந்நான்கு கன்றுகளையே சென்று சேர்கிறது.

மரம் வந்தது, அதன் தோழன் வரவில்லை. செம்பனையில் ஆண்பூங்கொத்தும் பெண்பூங்கொத்தும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் மலர்வன. ஆகவே, காய் நன்கு பிடிப்பதற்காக நம் தொழிலாளர்கள் மகரந்தத் தூளைக் கையாலேயே தூவி வந்தனர். ரஹ்மான் அன்வர் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர், கேமரூன் நாட்டில் அரிசியினும் சிறியதொரு கூன்வண்டு இப்பணியைச் செய்வதைக் கண்டறிந்தார். 1981-ஆம் ஆண்டில் அவ்வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன்பின் கையால் தூவும் வேலை மறைந்தது. இன்று நாம் காணும் ஒவ்வொரு குலையின் பின்னும் அச்சிறு வண்டின் உழைப்பு மறைந்திருக்கிறது.

மாணவர்களே! பெரியவர்களின் துணையோடு ஓர் உதிர்ந்த பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். செம்மஞ்சள் சதை, கரிய ஓடு, வெண்ணிறப் பருப்பு ஆகிய மூன்றும் தெரியும். பின்பு உங்கள் பாட்டியிடம், அக்காலத்தில் மகரந்தம் தூவியதுண்டா, ஒரு நாளில் எத்தனை மூட்டை உதிரிப்பழம் பொறுக்கினார் என்று கேளுங்கள். ஆப்பிரிக்கத் தாய் உரலில் இடித்ததும் அப்பழத்தையே; நம் தாய் குனிந்து பொறுக்கியதும் அப்பழத்தையே. கடல் கடந்த அவ்விரு தாயரின் கைகளையும் நினைந்து போற்றுவோம். அவர்களின் உழைப்பு வீண்போகாவண்ணம் நன்கு கற்றுச் சிறப்போமாக!