“பழைய சிஸ்டம், இனி எதுவும் ஏறாதுங்க”

ராசிபுரமோ ஆத்தூரோ, திருச்செங்கோடோ சங்ககிரியோ, சர்வீஸ் கடைப்பக்கம் போனால் இந்த வாசகம் காதில் விழாமல் இருக்காது: “பழைய சிஸ்டம்ங்க, இனி எதுவும் ஏறாது. பார்மட் அடிச்சுப் பாக்கலாம், இல்லைன்னா புதுசு வாங்கிக்கோங்க.” கோழிப்பண்ணைக் கணக்குக்காக வாங்கிய டெஸ்க்டாப், மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி, லாரி ஆபீஸில் இ-வே பில் போட்டுக்கொண்டிருந்த பெட்டி, மூன்றுக்கும் இதே தீர்ப்புதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு சாஃப்ட்வேர் ஏறாமல் நின்றால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான நேரம் அந்தக் காரணத்தைத் திரையே எழுதிக் காட்டுகிறது. நாம்தான் வாசிக்காமல் ‘ஓகே’யை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறோம்.

“ரேம் கூட்டிப் போட்டா எல்லாம் ஏறும்”

நம் வட்டாரத்து வீடுகளில் பழைய கணினி என்றால் அது பெரும்பாலும் இலவச மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. கொள்முதல் செய்தது தமிழக அரசின் எல்காட் நிறுவனம். முதல் சுற்றில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பலவற்றில் ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மறுபக்கம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம்.

அந்த ‘ஸ்டார்ட்டர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபி ரேமுக்கு மேல் பயன்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்புக்கு வைத்த வரம்பு அது. கூடுதலாக 4 ஜிபி வாங்கிச் செருகினாலும் மிச்சம் சும்மா கிடக்கும். காசு கொடுத்து ரேம் போட்டும் பழைய வேகமே என்று குறைபட்டுக்கொள்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விண்டோஸ் என்பதுதான்.

ஸ்டார்ட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. அது 32-பிட் மட்டுமே. இன்று வெளிவரும் மென்பொருள்களில் பெரும்பகுதி 64-பிட். 64-பிட் கோப்பை 32-பிட் விண்டோஸில் திறந்தால், ‘இது சரியான வின்32 செயலி அல்ல’ என்றோ ‘இந்தக் கணினியில் ஓடாது’ என்றோ செய்தி வரும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு “மிஷினுக்குத் தாங்காதுங்க” என்பார். நாமக்கல் பட்டறையில் ஆறு சக்கர சேஸுக்குப் பன்னிரண்டு சக்கர பாடியைக் கொண்டுவந்து வைத்தால் பொருந்தாதுதான். அதற்காக இன்ஜின் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இதில் பலருக்கும் தெரியாத சேதி ஒன்று உண்டு. அந்தக் காலத்து இன்டெல் பென்டியம், கோர் வரிசைச் சில்லுகள் 64-பிட் வேலையைச் செய்யக்கூடியவை. மேலே ஏற்றியிருக்கும் விண்டோஸ்தான் 32-பிட். விண்டோஸ் 10 உள்ள கணினியில் ‘திஸ் பிசி’ மீது வலது பொத்தானை அழுத்தி, பண்புகளில் ‘சிஸ்டம் டைப்’ வரியைப் பாருங்கள். ‘32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 சில்லு’ என்று எழுதியிருந்தால் உங்கள் மிஷினுக்குத் தெம்பு இருக்கிறது, மேலே இருக்கிற விண்டோஸ்தான் சின்னது என்று பொருள். அதே மென்பொருளின் 32-பிட் வெளியீட்டைத் தேடலாம். இல்லை, 64-பிட் இயங்குதளத்துக்கே மாறலாம். முடிவு எதுவானாலும் அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு எடுங்கள்.

“பார்மட் அடிச்சா சரியாயிரும்”

இந்த நம்பிக்கைதான் நம் ஊரில் அதிகச் சேதம் செய்தது. கல்யாணப் படங்கள், பண்ணையின் டேலி கணக்கு, கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் இதில் போயிருக்கின்றன. கூடவே பாஸ் லினக்ஸும் அழிந்து, மறுபக்கம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிறது.

சேதத்தை விட்டுத்தள்ளினாலும், பழைய சிடியை வைத்து விண்டோஸ் 7 போட்டால் கணினி முன்னைவிடப் பின்னுக்குத்தான் போகும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 சிடியில் 2011-இன் சர்வீஸ் பேக் 1 கிடையாது. அதற்குப் பிறகு வந்த திருத்தங்களும் கிடையாது. ஒரு நிறுவல் கோப்பு உண்மையாகவே அதன் நிறுவனத்திடமிருந்து வந்ததுதானா என்று விண்டோஸ் அதன் கையொப்பத்தைச் சோதிக்கும். முன்பு ஷா-1 முறையில் இருந்த கையொப்பங்கள் ஷா-2 முறைக்கு மாறிவிட்டன. 2019-இல் மைக்ரோசாஃப்ட்டே தன் புதுப்பிப்புகளை ஷா-2 முறைக்கு முழுதாக மாற்றியது. புதிதாகப் பார்மட் அடித்த விண்டோஸ் 7 இந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்கத் திணறும். நல்ல கோப்பையே சந்தேகப்பட்டு நிறுத்தும், டிரைவர் ஏறாது, ‘நம்பத்தக்க மூலச் சான்றிதழ் வரை சங்கிலி அமைக்க முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தியோடு டாட்நெட் நிறுவல் நின்றுபோகும். சர்வீஸ் பேக் 1, அதன்பின் கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு திருத்தங்கள், இந்த வரிசையில் ஏற்றினால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் இந்த எண்களைப் போட்டுத் தேடலாம்.

உலாவிக்கு மட்டும் வேறு கணக்கு. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் விண்டோஸ் 10-க்குக் கீழ் எதிலும் ஏறாது. விண்டோஸ் 7-க்கு 109-தான் கடைசி, பயர்பாக்ஸில் 115. நூறு முறை பார்மட் அடித்தாலும் இது மாறாது.

“தேதி தப்பாக் காட்டுது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

நிறைய சம்பந்தம் இருக்கிறது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் பதிந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால், பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி 2009, 2010 என்று எங்கோ பின்னால் போய் நிற்கும். இணையத்தில் ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை’ என்று ஆயுள் உண்டு. 2010-இல் நிற்கும் கணினிக்கு இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தளம் திறக்காது. மீதிக் கோப்புகளை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வகை நிறுவல்கள் பாதியில் நிற்கும். ஆக்டிவேஷன் ஆகாது. குரோம் போன்ற உலாவிகள் ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று நேராகவே சொல்லிவிடும். மற்றவை பிழை எண்ணைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும்.

டெஸ்க்டாப்பில் இதை வீட்டிலேயே மாற்றலாம். பிளக்கைக் கழற்றுங்கள், பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள், பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பை விரலால் தள்ளுங்கள், பேட்டரி மேலெழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்திவிட்டுத் தேதியைச் சரி செய்தால் போதும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பொருள் இது. இதற்காக முழு மிஷினையும் கடையில் ஒப்படைத்துவிட்டு வருவது அநியாயம்.

“பாதியில தானா அணையுது, வைரஸ்தான்”

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீட்டோடு தறி ஓடும் தெருக்களில் இதைக் கேட்டால், வைரஸை நினைப்பதற்கு முன் பஞ்சுத் தூசியை நினைக்க வேண்டும். சிபியூவைத் திறந்து பிராசசர் மேலிருக்கும் காற்றாடியைக் கழற்றினால், அடியில் அலுமினியத் தகடுகளின் இடுக்கை மூடியபடி சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கம்பளித் துணிபோல் உரிந்து வரும். காற்றாடி சுற்றும், ஆனால் காற்று உள்ளே போகாது. பாட்டுக் கேட்கும்போது ஒன்றும் ஆகாது. நிறுவல் தொடங்கியதும் சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கப் பிராசசர் முழுமூச்சாக வேலை செய்யும், சூடு ஏறும், எரிந்துபோகாமல் காத்துக்கொள்ளக் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷும் பிளோயரும் போதும். பிளோயர் பிடிக்கும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அணைந்து அணைந்து எழுந்த பிறகு ‘வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பாதியில் விட்ட வேலையின் மிச்சம் அது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அரைகுறையாக ஏறியதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் வந்து உறைந்தால் அது சூடு அல்ல. இறக்கிய கோப்பு பழுதாக இருக்கலாம், இல்லை ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கலாம். கோப்பை வேறு இணைப்பில் மறுபடி இறக்கிப் பாருங்கள். சாதாரணப் படங்களைக் காப்பி செய்யும்போதுகூட ‘சைக்ளிக் ரிடன்டன்ஸி’ என்று பிழை வருகிறதென்றால் சாஃப்ட்வேரை மறந்துவிட்டு முதலில் டேட்டாவைக் காப்பாற்றுங்கள்.

“டிஎல்எல் ஃபைல் இல்லைங்குது, நெட்ல இறக்கிப் போட்டாப் போச்சு”

போகாது. ‘விசிரன்டைம்140’ இல்லை, ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ இல்லை என்று வரும் செய்திகளுக்கு ஒற்றை டிஎல்எல் கோப்பை முகம் தெரியாத தளத்திலிருந்து எடுத்துப் போடுவது மருந்தல்ல. காணாமல் போனது ஒரு கோப்பு அல்ல, ஒரு தொகுப்பு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவினால் மொத்தமாக வந்துவிடும். விண்டோஸ் 7-இல் கூடவே கேபி2999226 தேவைப்படலாம். கையால் போட்ட கோப்பு தவறான பிட் வகையாக இருந்தால் பழைய பிழை போய் 0xசி000007பி என்று புதிய பிழை வரும். “ஆன்டிவைரஸை அணைச்சுட்டு ஏத்துங்க” என்ற யோசனையோடு வரும் கிராக் கோப்புகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் அதைத் தொடாதீர்கள்.

“தமிழ்ல பேர் வெச்சா மக்கர் பண்ணும்”

இந்த நம்பிக்கையில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. விண்டோஸ் ஏற்றும்போது பயனர் பெயரை ‘முருகன்’ என்று தமிழில் கொடுத்தால், அந்தப் பெயரிலேயே ஒரு அடைவு உருவாகும். நிறுவல்களின் தற்காலிகக் கோப்புகள் அதற்குள்ளேதான் விரியும். யூனிகோட் அறிந்த மென்பொருளுக்கு அதில் சிரமமே இல்லை. அறியாத பழைய மென்பொருளுக்கோ தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகத்தான் தெரியும், ஏனென்றால் விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி முறைக் குறியீட்டுப் பக்கம் எந்நாளும் இருந்ததில்லை; தமிழ் அங்கே நேராக யூனிகோடாகவே வந்தது. ஆகவே பாதை கிடைக்காமல் நிறுவல் முறிகிறது. கண்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினால் அடைவின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, அதிலிருந்து நிறுவுங்கள். குற்றம் தமிழ்மேல் அல்ல, தமிழை எண்ணிப் பார்க்காமல் எழுதிய அந்த மென்பொருள்மேல்.

“விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, இனி ஓடாது”

2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது அதற்கான வழக்கமான ஆதரவு. கணினி எப்போதும்போல் ஓடும். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பும் தந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லு என்று நிபந்தனைகள் இருப்பதால் 2011-இன் மடிக்கணினிக்கு அந்த வழி அடைபட்டதுதான். லினக்ஸின் வழி அடைபடவில்லை. டெபியனையோ லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ பென் டிரைவில் வைத்து, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். 2 ஜிபி ரேமில் உலாவியில் பத்து பக்கம் திறந்தால் திணறும். தமிழ் தட்டச்சுக்கும், கணக்குத் தாளுக்கும், டிஎன்பிஎஸ்சி பாடங்களைப் படிப்பதற்கும் தாராளமாகப் போதும். பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால், பள்ளியில் அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிதாகவும் இருக்காது.

பீரோ மேல் தூங்கும் அந்த மடிக்கணினியை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். ஏறாத சாஃப்ட்வேர் காட்டும் செய்தியைப் போனில் படமெடுத்துக்கொண்டு, அதை நீங்களே ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். பிறகு கடைக்குப் போங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகுவதற்கு முன் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அந்தக் கால மாடல்கள் பெரும்பாலானவற்றில் அடிப்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கழன்றுவரும், அது இல்லாமலே அடாப்டரில் நேராக ஓடும்.