இடைத்தர நகர வாழ்க்கை

மக்கள் வாழும் ஊர்களை நகரம், நாட்டுப்புறம் என இரண்டாகவே பகுத்துப் பேசுதல் நம்மவரிடைப் பெருவழக்காய் இருக்கின்றது. கல்லூரி விவாதக் கழகங்களில் நகர வாழ்வு சிறந்ததோ, கிராம வாழ்வு சிறந்ததோ என்னும் பொருள் ஆண்டுதோறும் தவறாது எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஒரு கட்சியார் சென்னையின் நூல் நிலையங்களையும் மருத்துவச் சாலைகளையும் எண்ணிக் காட்டுவர். மறு கட்சியார் வயல்வெளியையும் தூய காற்றையும் புகழ்ந்துரைப்பர். தலைவர் தீர்ப்புக் கூறியபின் அவையோர் எழுந்து செல்கின்றனர். எங்கே செல்கின்றனர்? சென்னைக்குமன்று, வயல்வெளிக்குமன்று. பாளையங்கோட்டைத் தெருக்களுக்கும், வண்ணார்பேட்டைக்கும், மேலப்பாளையத்திற்கும், திருநெல்வேலி டவுனுக்குமே செல்கின்றனர். தாம் வாழும் ஊரைப்பற்றி ஒரு சொல்லும் பேசாது அவர்கள் கலைந்து செல்வது நமக்கு வியப்பாகவே தோன்றுகின்றது. ஆதலின், பெருநகரமுமாகாது சிற்றூருமாகாது இடைநிற்கும் நகரில் வாழ்தலால் விளையும் நலந்தீங்குகளை, நாம் நன்கறிந்த இவ்விரட்டை நகரையே சான்றாக வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், இடைத்தர நகரம் எனப்படுவது யாது? 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி, சென்னையில் 46 இலட்சத்திற்கு மேற்பட்டோரும், மதுரையில் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோரும் வாழ்ந்தனர். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை ஒன்று சேர்ந்து 1994ஆம் ஆண்டில் மாநகராட்சியாகிய நம் நகரிலோ 4 இலட்சத்து 70 ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்டோரே வாழ்ந்தனர். எனினும் தலைகளை எண்ணுதல் மட்டும் இதற்கு அளவுகோல் ஆகாது. சங்க நூல்களைப் பயில்வோர், 'நகர்' என்னும் சொல் அவற்றுள் பலவிடத்தும் பேரூரைக் குறியாமல் மாளிகையையும் கோயிலையும் குறித்து நிற்றலைக் காண்பர். ஒரு கூரையின்கீழ் வாழ்வார்க்குரிய சொல், நாளடைவில் பல்லாயிரவர் வாழும் இடத்திற்குப் பெயராயிற்று. அப்பழம்பொருளின் சாயல், அஃதாவது உடன் வாழ்வாரை அறிந்திருத்தல் என்பது, சிறிதேனும் எஞ்சியுள்ள நகரையே நாம் இடைத்தர நகரம் என்போம்.

யவன நாட்டறிஞர் அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் ஏழாம் பகுதியில் இப்பொருளை ஆராய்ந்துள்ளார். மிகச் சிலரே வாழும் ஊர் தன் தேவைகளைத் தானே நிறைவு செய்துகொள்ள மாட்டாது. மிகப் பலர் வாழும் ஊரில் ஒழுங்கு நிலவாது. வழக்குகளைத் தீர்ப்பதற்கும் பதவிக்குரியாரைத் தெரிந்தெடுப்பதற்கும் குடிகள் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பன அவர் கருத்தின் சாரமாம். இவ்விரண்டு அளவுகளையும் கொண்டு நம் நகரை நோக்குவோம்.

தேவைகளைப் பொறுத்தவரை நம் நகருக்குப் பெருங்குறை இல்லை. பொதிய மலையிற் பிறந்து, இம்மாநிலத்தின் எல்லையைக் கடவாமலே கடலை அடையும் பொருநை, நகரின் நடுவே பாய்கின்றது. கல்வி நிலையங்களோ ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடந்து செல்லும் அளவில் நெருங்கி நிற்கின்றன. கண் பார்வையற்றார்க்கும் காது கேளார்க்கும் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே பாளையங்கோட்டையில் நிறுவப்பட்டன. 1965இல் மருத்துவக் கல்லூரியும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், 1996இல் அரசு சட்டக் கல்லூரியும் தோன்றின. சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் ஊரைவிட்டு வெகு தொலைவு செல்லாமலே எக்கலையையும் பயிலலாம். மேலும் நகரின் இரு கோடிகளுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு நகரப் பேருந்தில் செல்வோர், பெருநகரத்தார் அலுவலகம் செல்வதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியிற் சென்று, வேலையை முடித்துத் திரும்பியும் விடுவர். இவ்வாறு மிஞ்சும் பொழுதே இடைத்தர நகரம் தன் குடிகளுக்கு அளிக்கும் பெருஞ்செல்வம் என்பது நம் எண்ணம். அதனை நாம் எவ்வாறு செலவிடுகின்றோம் என்பது வேறு கேள்வி.

இவ்விரண்டு ஊர்களையும் ஒன்றாக்கியது ஒரு பாலம் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். அதற்கு முன்னர் ஆற்றைக் கடப்போர் பரிசிலையும் படகையுமே நம்பியிருந்தனர். ஆட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பொருளைப் பெரிதும் செலவிட்டுக் கட்டுவித்த பாலம் 1843இல் திறக்கப்பெற்றது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தன் ஊரில் ஒருவர் செய்த ஒரு செயல் 180 ஆண்டுகளுக்குப் பின்னும் நாள்தோறும் கண்ணிற்படுதல், பெருநகரத்தில் எளிதில் வாய்ப்பதன்று.

தமிழ் பயில்வாராகிய நமக்கு மற்றொன்றும் நினைவிற்கு வருகின்றது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டத்தை அறியாதார் இரார். வழக்கறிஞரும், ஆசிரியரும், அலுவலரும் மாலையில் வந்தமர்ந்து பாட்டின் சுவையை நுகர்ந்த அக்கூட்டத்திற்கு மண்டபமும் இல்லை, சந்தாவும் இல்லை. வருவோர் அனைவரும் அருகில் வாழ்ந்தமையும், ஒருவரை ஒருவர் அறிந்திருந்தமையுமே அதன் மூலதனம். பாளையங்கோட்டையில் தமிழாசிரியராய் இருந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை வெளியிட்டார். ஒரு நகரை வெறுத்தோடி மற்றொரு நகரை நாடிச் செல்லும் யாத்திரிகன் கதையை, பெருநகர ஆரவாரத்தினின்று விலகிய ஓர் ஊரில் வாழ்ந்தவர் பாடினார் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

இனி, ஒருவரை ஒருவர் அறிதல் என்னும் இரண்டாம் அளவைக்கு வருவோம். இதன் நலம் துன்பக் காலத்தில் விளங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் பெய்த பெருமழையால் பொருநை கரைபுரண்டு, சந்திப்புப் பேருந்து நிலையமும் ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரிற் சூழப்பட்டன. அத்தகைய நாளில் எந்த வீட்டில் படுக்கையிற் கிடக்கும் முதியவர் உண்டு, எந்த வீட்டில் கைக்குழந்தை உண்டு என்பது தெருவிலுள்ளார்க்குத் தெரிந்திருத்தல், எந்தத் துறையும் பட்டியலிட்டு அறியக்கூடியதன்று. ஐகிரவுண்டு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கச் செல்வோர்க்கு அங்கே ஒரு செவிலியரையோ ஊழியரையோ தெரிந்திருக்கும். அறியாதவிடத்தும் அறிந்தவரை அறிந்தவர் ஒருவர் இருப்பர். இதனைச் சிபாரிசு என்று இகழலாம். ஆயினும் நள்ளிரவில் நோயாளியோடு நிற்பவர்க்கு அது தைரியம்.

நிற்க. இவ்வறிதலே இடைத்தர நகரின் பெருந்தீங்கும் ஆகின்றது. இதனை மறைத்து நம் ஊரைப் புகழ்தல் நேர்மையன்று. ஒரு மாணவி சந்திப்பில் உடன்பயிலும் மாணவனோடு ஐந்து நிமிடம் நின்று பேசுவாளாயின், அவள் வீடு சேருமுன்னரே அச்செய்தி வீடு சேர்ந்துவிடும். அவள் அண்ணன் எவனோடு எவ்வளவு நேரம் நின்றாலும் ஒருவரும் அதனைச் செய்தியாக்கார். ஆகவே இந்த அறிதல் எல்லார்மீதும் ஒத்த அளவில் விழுவதன்று.

அதனினும் கொடியது மற்றொன்று. புதிதாய் ஒருவரைக் கண்டால் நம் பக்கத்தார், "ஊர் எது?" என்பர்; விடை கிடைத்தபின், "ஊரில் எந்தத் தெரு?" என்பர். இரண்டாம் கேள்வி வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவதன்று என்பதைக் கேட்பவரும் அறிவர், கேட்கப்படுபவரும் அறிவர். தெருவின் பெயர் சாதியின் பெயராகப் புரிந்துகொள்ளப்படுகின்றது. பெருநகரில் வாடகைக்கு வீடு தேடுவோரிடமும் இதனை வினவுவார் உளரெனினும், ஆங்குப் பேருந்திலும் கடையிலும் பணியிடத்திலும் ஒருவர் இதற்கு விடையிறுக்காமலே பல நாள் வாழ்ந்துவிடலாம். இம்மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன்பயின்ற மாணவராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிற் கட்டலாகாது என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அறுத்துவிடலாம், தெருவைக் கேட்கும் நாவை என் செய்வது? திருச்சபையைச் சேர்ந்த நாமும் இக்கேள்விக்குப் புறம்பானவரல்லோம். ஆலயத்திற் பக்கத்தில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவோர், திருமணப் பேச்சு வரும்போது தெருவையே முதலிற் கேட்கின்றனர்.

அரிஸ்டாட்டில் குடிகள் ஒருவரையொருவர் அறிதல் வேண்டும் என்றபோது, அக்குடிகளுள் பெண்டிரையும் அடிமைகளையும் அவர் கருதவில்லை. அவர் கூற்றை நாம் மேற்கொள்ளுமிடத்து இதனையும் உடன் நினைத்தல் தகும். தன்னை ஒருவரும் அறியாத இடத்திற்குச் சென்று வாழ விரும்பும் இளைஞரை ஊர்ப்பற்று இல்லாதவர் என்று பழிப்பார் உளர். அவருட் பலர் விட்டோடுவது ஊரையன்று, அக்கேள்வியையே. நாம் அவர்களைப் பழிக்கமாட்டோம்.

மூன்றாவதாகத் தொழிலைப்பற்றிச் சிறிது கூறுதும். இந்நகரம் கற்பிப்பதில் வல்லது. கற்றாரை இருத்திக்கொள்வதில் வல்லதன்று. இரவுதோறும் சென்னைக்குப் புறப்படும் நெல்லை விரைவு வண்டியில், நம் கல்லூரிகள் ஈன்ற பட்டதாரிகள் ஏறிச் செல்கின்றனர். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் வண்டி அப்பயணத்தைச் சுமார் எட்டு மணி நேரமாகச் சுருக்கியது. திரும்பி வருவதும் அதனால் எளிதாயிற்று என்று கூறலாமாயினும், வருவோர் விடுமுறைக்கே வருகின்றனர். புதுமைப்பித்தன் இங்குள்ள இந்துக் கல்லூரியிற் பட்டம் பெற்றுச் சென்னை சென்றே எழுத்தாளராய் விளங்கினார். பதிப்பகமும் பத்திரிகையும் அங்கே இருந்தன. சென்ற தலைமுறையினும் இத்தலைமுறையில் நிலை சிறிது மாறியுள்ளது. 2004இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் அமைந்தமையால், தென்மாவட்ட வழக்கறிஞர் சென்னையிற் குடியேற வேண்டிய கட்டாயம் குறைந்தது. கங்கைகொண்டானில் 2024இல் கதிரொளி மின்கலத் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும் தமிழோ வரலாறோ பயின்றவர்க்கு இவற்றால் விளையும் பயன் சிறிதே. அவர்க்குள்ள வழி ஆசிரியத் தொழில் ஒன்று. அதற்கும் காத்திருத்தல் நெடிது.

நகரம் பெருகுவதால் வரும் கேட்டையும் ஒரு சொல்லிற் குறிப்போம். 2017இல் நம் நகரம் சீர்மிகு நகரத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. பொருநையிற் கழிவுநீர் கலத்தல் அதன் பின்னரும் நிற்கவில்லை. 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் நேரில் வந்து ஆற்றின் நிலையைப் பார்வையிட நேர்ந்தது. பெருநகரின் நோய்கள் இங்கே வந்துவிட்டன. அவற்றைத் தீர்க்கும் பெருநகரின் வருவாய் வரவில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குங்கால், கற்கும் பருவத்திற்கும், சிறு பிள்ளைகளை வளர்ப்பதற்கும், முதுமைக்கும் இடைத்தர நகரமே ஏற்றது என்றும், இருபத்திரண்டு முதல் முப்பது வரையுள்ள வயதினர்க்கு, அவருள்ளும் சிறப்பாகப் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும், பெருநகரம் சில காலமேனும் தேவை என்றும் நாம் கருதுகின்றோம். பவுல் அப்போஸ்தலர் எருசலேமிற் பிடிபட்டபோது, தாம் புகழ்பெற்ற தர்சு பட்டணத்தார் என்பதைச் சேனாபதியிடம் பெருமையோடு தெரிவித்தார். அவர் தர்சுவிலேயே தங்கிவிடவுமில்லை. அதன் பெயரைச் சொல்ல நாணவுமில்லை. இடையில் ஒரு முறை தர்சுவுக்குத் திரும்பிச் சென்றிருந்தவரைப் பர்னபா தேடிச் சென்றே அழைத்து வந்தார்.

வெளியூர் செல்லாது இங்கேயே தங்கும் பழைய மாணவர் பலர் உளர். ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், வணிகர் என அவர் பல திறத்தினர். வட்டத்தொட்டியைப் போன்றதொரு கூட்டத்தை அவர்களும் இக்கல்லூரி மாணவரும் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் மீண்டும் தொடங்கலாகாதா? இம்முறை அது ஒரு வீட்டின் முற்றத்தில் அமையாமல், எத்தெருவினரும் தயங்காது வரத்தக்க பொது இடத்தில் அமைதல் நன்று. டவுனிலிருந்து வருவோர்க்கும் பாளையங்கோட்டையிலிருந்து வருவோர்க்கும் வண்ணார்பேட்டை ஏறக்குறைய நடுவிடம். இரு பக்கத்தினின்றும் நகரப் பேருந்துகள் அடிக்கடி வருகின்றன.