பாம்பும் பயணமும்

முன்னுரை

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. அத்தகைய பாம்பைக் காரில் ஏற்றிச் செல்வதற்கும் ஒரு முறை உண்டு. மேனாடுகளில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர், வீடு மாறும்போதும் மருத்துவரிடம் செல்லும்போதும் அம்முறையைப் பின்பற்றுகின்றனர். நம் வடசென்னையில் இத்தேவை வேறு வகையில் எழுகின்றது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கிடங்குகளும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அவற்றை அடுத்தே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் சதுப்பு நிலங்களும் இருக்கின்றன. கிடங்கில் எலி பெருகினால் சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் தேடி வரும். பெருமழையில் வளைகள் நீரில் மூழ்கினால் பாம்புகள் மேட்டை நாடி வீடுகளுக்குள் புகும். பிடிபட்ட பாம்பு தன் இருப்பிடத்திற்கு ஏதேனும் ஒரு வண்டியில் ஏறித்தான் திரும்பவேண்டும். அப்பயணத்தில் பாம்பும் பிழைக்கவேண்டும். உடன் செல்வோரும் பிழைக்கவேண்டும். அதற்கான வழியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டு நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையின் அனுமதியின்றி அவற்றைப் பிடிப்பதும் கொண்டு செல்வதும் குற்றமே. ஆகவே, பாம்பைக் கண்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தெரிவித்து, பயிற்சி பெற்றவர் வரும்வரை விலகி நிற்பதே நம் வேலை.

அயல்நாட்டுப் பாம்பை வாங்கி வளர்க்கலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வரும் உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கிறது. மலைப்பாம்பு இனங்கள் யாவும் அவ்வுடன்படிக்கையில் அடங்கும். 2023 ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருக்கக் கண்டு சுங்கத்துறையினர் கைப்பற்றினர். காசுக்காக உயிர்களைப் பெட்டிக்குள் அடைத்துக் கடத்துவதும் ஒரு பயணந்தான். ஆனால் அது பாம்பின் நலம் கருதிய பயணம் அன்று.

பாம்பின் உடலியல்பு

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர். சூழலின் வெப்பமே அதன் வெப்பம். வெயில் மிகுந்தால் அது நிழலுக்கு நகரும். பைக்குள் கட்டுண்ட பாம்பு எங்கே நகரும்? சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே, அரைமணி நேரத்திற்குள் வெப்பம் வெளியிலிருப்பதைவிடப் பல பாகை மிகுந்துவிடும். பாம்பு மாள அதுவே போதும்.

பாம்பிற்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வு தாடை எலும்பின் வழியாக அதன் உட்செவியை அடைகின்றது. வண்டியின் குலுக்கல் முழுவதும் அதற்கு அபாய அறிவிப்பாகவே படும். இரை உண்டபின் அலைக்கழிக்கப்பட்டால் பாம்பு அவ்விரையைக் கக்கிவிடும். அதனால் உடல் மெலியும். மேனாட்டார் இரை கொடுத்தபின் இரண்டு நாட்களுக்குப் பாம்பைப் பயணத்திற்கு எடுக்காமலிருப்பது இதனால்தான்.

இவற்றிலிருந்து பயணத்தின் தேவைகள் நான்கு எனத் தெளியலாம்: இருள், காற்று, மிதமான வெப்பம், அசைவின்மை.

இருளர் காட்டிய வழி

இந்நான்கையும் நன்கு அறிந்தவர்கள் நம் இருளர் மக்கள். பாம்புத் தோல் வணிகத்திற்குச் சட்டம் தடை விதித்தபின் பிழைப்பிழந்த அவர்களுக்காக, ராமுலஸ் விட்டேக்கர் அவர்களின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது. பிடித்த பாம்பைத் துணிப்பையில் இட்டுக் கொண்டுவந்து, மணல் பரப்பிய மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். துணியும் மண்ணும் காற்றை விடும், வெளிச்சத்தை மறைக்கும், சூட்டைத் தணிக்கும். சில வாரங்கள் நஞ்செடுத்தபின் பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். இம்மக்களைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வண்டியில் செய்யவேண்டுவன

1. பை கெட்டியான பருத்தித் துணியாலானதாக இருக்கவேண்டும். முதலில் அதை உட்புறம் திருப்பித் தையலைச் சோதித்தல் நலம். பிரிந்த நூல் பாம்பைச் சுற்றி இறுக்கும். பிரிந்த தையல் பாம்பை வெளியே விடும்.

2. ஒரு பையில் ஒரு பாம்பே. பையின் வாயை முறுக்கி, மடித்துக் கட்டவேண்டும். கட்டுக்குள் வால் சிக்கலாகாது.

3. விரியனின் பல் துணியையும் ஊடுருவும். ஆதலால் பையைக் கட்டுக்கு மேலேதான் பிடிக்கவேண்டும். மடியிலோ தோளிலோ வைக்கக் கூடாது. காற்றுத் துளைகளுள்ள, பூட்டக்கூடிய கெட்டிப் பெட்டிக்குள் பையை வைத்தல் இன்றியமையாதது.

4. பெட்டி உருளாதபடி இருக்கையின் கீழோ, இருக்கைப் பட்டையால் கட்டியோ வைக்கலாம். சூடேறும் டிக்கி ஆகாது. ஏ.சி. காற்று நேரே படுவதும் ஆகாது.

5. பெட்டியின் மேல் பாம்பின் இனம், பிடித்த இடம், நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். வண்டியிலுள்ள அனைவரும் அதை அறிந்திருக்கவேண்டும்.

6. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் நெரிசலில் நெடுநேரம் நிற்க நேர்வதுண்டு. ஆகவே நண்பகலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ புறப்படுதல் நன்று. வழியில் தேநீருக்கென்று காரைப் பூட்டிச் செல்வதும், வேடிக்கை காட்டப் பெட்டியைத் திறப்பதும் அறவே கூடாது.

தவறு நேர்ந்தால்

பாம்பு வண்டிக்குள் தப்பிவிட்டால் ஓட்டுபவர் பதறாமல் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைக்கவேண்டும். அனைவரும் இறங்கிக் கதவுகளை மூடிவிட்டுப் பயிற்சி பெற்றவரை அழைக்கவேண்டும். கோலால் துழாவுதல் ஆகாது.

கடி பட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்குவதும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரையவேண்டும். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

முடிவுரை

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டதாக ஓர் ஆய்வு கணித்துள்ளது. 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. கடிபட்டவரைக் காக்கும் மருந்து, உயிருள்ள பாம்பின் நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அந்நஞ்சு இருளர் பையில் உயிரோடு பயணம் செய்து வந்த பாம்பு தந்தது. கிடங்கில் அடித்துக் கொல்லப்படும் சாரையோ எலிகளைத் தின்று நம் அரிசி மூட்டைகளைக் காத்தது. எனவே பாம்பைக் கண்டதும் கழி தேடாமல், அதற்குப் பாதுகாப்பான ஒரு பயணத்தைத் தேடித் தருவது படித்தவர்களாகிய நம் கடமையாகும்.