அறுக வேண்டிய போல்ட் அறுகவில்லை
புல்வெட்டி உடைந்த பிறகு மினி டிராக்டரைச் சோதிப்பதும் சீர்செய்வதும்

தக்கைப்பூண்டை 40, 45 நாளில், பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும் என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். காரைக்கால் மாதிரி கடைமடையில் அது நம் கையில் இல்லை. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும், அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் தண்ணீர் வந்து நம் வாய்க்காலில் ஏறும்வரை காத்திருக்கத்தான் வேணும். போன சம்பாவுக்கு முன்னால் நெடுங்காடு பக்கம் எங்கள் வயலில் பூண்டு 65 நாள் நின்றுவிட்டது. ஆள் உயரத்துக்கு மேலே போய், அடித்தண்டு கட்டைவிரல் மொத்தத்துக்குக் கட்டை பாய்ந்துவிட்டது. அப்படியே ரோட்டவேட்டர் விட்டால் நார் சுற்றிக்கொள்ளும். அதனால் முதலில் வெட்டிப் போடலாம் என்று எங்கள் குழுவின் சுழல் புல்வெட்டியை (கடையில் ஸ்லாஷர் என்று கேட்டால்தான் தருவார்கள்) என்னுடைய 24 எச்.பி. மினி டிராக்டரில் மாட்டினேன்.

மூன்றாவது சுற்றில், பூண்டுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு பழைய எல்லைக்கல்லில் மோதியது. 'டங்' என்று ஒரு சத்தம். வரப்பு செதுக்க வந்திருந்த அக்கா 30 அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அறுந்த பிளேடு அவருக்கும் எனக்கும் நடுவில் போய் வரப்பில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி நின்றது. நான் கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி முழுக்க உதறி, பி.டி.ஓ. ஷாப்ட் இரண்டாகக் கழன்று, டிராக்டர் பக்கத்துப் பாதி சாட்டை மாதிரிச் சுழன்று பின்பக்கத்தை அடித்துவிட்டது. எல்லாம் மூன்று நாலு வினாடி.

அந்த வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. புல்வெட்டியின் கியர் பாக்ஸ் அதைக் கூட்டித் தட்டுக்குக் கொடுக்கிறது. 4 அடி வெட்டு அகலமுள்ள கருவியில் தட்டு 1,000 சுற்று சுற்றினால், பிளேடு நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிரெதிராக இருக்கும் இரண்டு பிளேடில் 1 கிலோ எடையுள்ள ஒன்று போய்விட்டால், மிச்சமிருக்கும் பிளேடு தட்டை ஒரு பக்கமாக 400 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுக்கும். அந்த இழுப்பு வினாடிக்கு 16 தடவை சுற்றிச் சுற்றி வரும். ஆகவே புல்வெட்டி உடைந்தால் புல்வெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். உதறல் டிராக்டரின் எலும்பு வரைக்கும் போயிருக்கும்.

முதல் வேலை எதையும் தொடாமல் இருப்பது. பி.டி.ஓ.வை நியூட்ரல் செய்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி தூக்கி நின்றால் முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை விடக்கூடாது. உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுங்கள். அதைச் சேற்றில் விட்டால் அடுத்த வாரம் நடவுக்கு இறங்குபவர் காலில் ஏறும். அதோடு, போல்ட் எந்த இடத்தில் எப்படி அறுந்தது என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். உடைந்த முகம் முழுக்கப் பளபளவென்று புதிதாக இருந்தால் ஒரே அடியில் போனது. ஒரு பாதி துருவேறிக் கறுத்தும் மறுபாதி புதிதாகவும் இருந்தால், ரொம்ப நாளாகவே விரிசல் இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருந்தால், கழற்றும் முன்பே படம் எடுத்து நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு வந்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

மினி டிராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் இன்ஜின், கிளட்ச் பெட்டி, கியர் பெட்டி, பின்பக்க ஹவுசிங் ஆகிய வார்ப்பிரும்புப் பெட்டிகளை வரிசையாகப் போல்ட் போட்டுச் சேர்த்ததுதான் முதுகெலும்பு. ஆகவே சோதனையைப் பின்பக்க ஹவுசிங்கில் தொடங்குங்கள். சேற்றையும் கிரீசையும் சுரண்டி, டீசல் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். பிறகு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துச் சந்தேகமான இடமெல்லாம் தடவி, கால் மணி நேரம் விட்டு, ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளையோ சலித்த சுண்ணாம்புத் தூளையோ லேசாகத் தூவுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு போடும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலிலும் செய்யலாம், கோடு தெரிய நேரம் கூடுதலாகும். கீழ் லிங்க் கைகள் மாட்டும் இடம், டாப் லிங்க் பிடிமானம், பி.டி.ஓ. தண்டு வெளியே வரும் மூடியைச் சுற்றி இருக்கும் போல்ட் துளைகள், இந்த மூன்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். அப்படியே முன்னால் போய்ப் பெட்டிகள் சேரும் இணைப்புகளையும் பார்க்கணும். இணைப்பில் புதிதாக எண்ணெய் ஈரமோ, பெயிண்ட் பிளந்த பளிச்சென்ற கோடோ இருந்தால் உதறலில் போல்ட் தளர்ந்திருக்கிறது.

என் வண்டியில் ஹவுசிங்குக்குச் சிராய்ப்போடு போயிற்று. இடது கீழ் லிங்க் பிடிமானத்தில் விரிசல். பட்டறைத் தம்பி "வெல்டு வச்சுடலாம்ணே, நாளைக்கே ஓட்டலாம்" என்றார். எல்லாப் பட்டறையிலும் முதலில் வரும் பேச்சு இதுதான். தப்பான பேச்சு என்று சொல்ல மாட்டேன். மூடி, காப்புத் தகடு, பளு ஏறாத காது மாதிரி இடங்களில் வெல்டு தாங்கும். ஆனால் வார்ப்பிரும்புக்குச் சாதாரண ராடு ஆகாது. நிக்கல் ராடு வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். வண்டியிலேயே வெல்டு வைப்பதானால் முன்னதாக பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். எங்கோ முன் ஆக்சிலில் பிடித்தால் மின்சாரம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொத்தலாக்கும். பளு ஏறும் பிடிமானம், பேரிங் உட்காரும் குழி, இந்த இரண்டிலும் விரிசல் வந்தால் வெல்டு வேண்டாம், பாகத்தை மாற்றுங்கள். நான் பிடிமானத்தையே மாற்றினேன். காரைக்காலில் இல்லை, கும்பகோணத்தில் கிடைத்தது. அதற்கு 4 நாள் போச்சு.

அடுத்தது பி.டி.ஓ. தண்டு. டிராக்டருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 6 பல் தண்டு அடிபட்டால் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். ஒரு கட்டுக்கம்பியைப் பக்கத்துப் போல்ட்டில் சுற்றி, அதன் முனை தண்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வளையுங்கள். பி.டி.ஓ. நியூட்ரலில், இன்ஜின் நின்ற நிலையில், தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு பல்லும் கம்பிக்கு ஒரே இடைவெளியில் கடந்தால் சரி. ஒரு பக்கம் உரசி மறு பக்கம் இடைவெளி விட்டால் வளைந்திருக்கிறது. பல்வரி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று நேர்க்கோட்டில் கண் வைத்தும் பாருங்கள். வளைந்த தண்டைச் சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. பதம் ஏற்றிய எஃகு அது, சூடு காட்டினால் பதம் போய்விடும். புதுசுதான் போடணும், கூடவே ஆயில் சீலும் பேரிங்கும். தண்டு வளைந்தபடி சில மணி நேரம் ஓடியிருந்தால் பேரிங் நிச்சயம் அடிவாங்கியிருக்கும். எண்ணெயை வடிக்கும்போது ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் ஒட்டுவது பழைய வண்டியில் சகஜம். செதில், துண்டு வந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது, பெட்டியைத் திறக்காமல் ஓட்டக்கூடாது.

கீழ் லிங்க் கைகள் இரண்டையும் கழற்றி சிமெண்டுத் தரையில் அடுத்தடுத்து வையுங்கள். வளைவு அப்போதுதான் தெரியும், வண்டியில் இருக்கும்போது தெரியாது. ஹைட்ராலிக் குழாயில் நசுங்கல், பின்விளக்கு வயர், டயரின் பக்கச் சுவர் வெட்டு, இதெல்லாம் நடந்தபடியே பார்த்துவிடலாம். ஹைட்ராலிக்குக்கு ஒரு சோதனை உண்டு. கனமான கருவியைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, உயரத்தைக் குறித்துவிட்டு, கால் மணி கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். முன்பைவிட வேகமாக இறங்கினால் உள்ளே கசிவு. அந்த நேரத்தில் கருவிக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

இனி, ஷாப்ட் ஏன் கழன்றது? எங்களுடையது எட்டுப் பேர் சேர்ந்து வாங்கிய கருவி. ஷாப்டை முதலில் வேறொருவரின் பெரிய டிராக்டருக்கு அளவெடுத்து வெட்டியிருந்தார்கள். என் வண்டியில் அது ஒன்றுக்குள் ஒன்று நாலு விரல் அளவுதான் நுழைந்திருந்தது. மாட்டும்போதே தெரிந்தது, 'ஓடுதே' என்று விட்டுவிட்டேன். மிக நீளமாக இழுபடும் நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். மிகக் குறுகும் நிலையிலும் முட்டாமல் குறைந்தது 1 அங்குலம் இடம் இருக்க வேண்டும். கருவியைத் தூக்கியும் இறக்கியும் இரண்டையும் அளந்து பார்த்தபிறகே ஓட்டுங்கள். இன்னொன்று: ஷாப்டைக் கழற்றி மாட்டும்போது இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கணும். ஒரு பல் தள்ளி நுழைத்துவிட்டாலும் சுற்று சீராக இருக்காது, கிராஸ் சீக்கிரம் போகும். கிராசைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலும், ஒரு திசையில் இறுகி நின்றாலும் மாற்றுங்கள். ஷாப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதையும் வாங்கிப் போடுங்கள். லுங்கி கட்டிக்கொண்டு வேலை பார்க்கிற ஊர் இது, தோளில் துண்டு வேறு.

பிளேடு ஏன் அறுந்தது என்பதுதான் எனக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பது. புல்வெட்டியின் பிளேடு இறுகப் பூட்டியது இல்லை. தன் போல்ட்டில் தளர்வாகத் தொங்கி, சுழலும்போது விரிந்து, கல்லில் பட்டால் பின்னால் மடங்கிவிடும்படி செய்தது. எங்கள் கருவி நாலு மாதம் கொட்டகைக்கு வெளியே கிடந்தது. கடற்கரை உப்புக்காற்றில் துரு பிடித்து இரண்டு பிளேடும் ஒட்டிப் போயிருந்தன, மடங்க வழியில்லை. அதுவும் போகட்டும், அடுத்த காவல் ஒன்று இருக்கிறது: ஷாப்டின் கவையில் போடும் ஷியர் போல்ட். பளு மீறினால் முதலில் அது அறுந்து, டிராக்டரையும் கருவியையும் காப்பாற்ற வேண்டும். கட்டை பாய்ந்த பூண்டில் ஒரே நாளில் அது இரண்டு தடவை அறுந்தது. கையில் மாற்று இல்லை. தலையில் 10.9 என்று போட்ட கெட்டியான போல்ட் ஒன்று கிடந்தது. "இது அறுகாது" என்று நான்தான் போட்டேன். அறுகவில்லைதான்.

தலையில் உள்ள அந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 8.8, 10.9 என்று எண் ஏற ஏற வலு கூடும். பிளேடு போல்ட்டுக்கு வலுவானதுதான் வேண்டும், அதுவும் கருவிக்கென்றே வரும் தோள் வைத்த போல்ட். ஷியர் போல்ட்டுக்குக் கருவிப் புத்தகம் சொல்லும் மென்மையான வகையும் அதே தடிமனும் மட்டுமே. அது அடிக்கடி அறுந்தால் போல்ட் மேல் கோபப்பட வேண்டாம். முன் வேகத்தைக் குறையுங்கள், வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள், ஒரே தடவையில் முடிக்காமல் இரண்டு தடவையாக வெட்டுங்கள்.

பிளேடை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். மளிகைக்கடைத் தராசில் வைத்து இரண்டும் ஒரே எடைதானா என்று பாருங்கள். உடைந்த பிளேடை வெல்டு வைப்பது வேண்டவே வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் உயிர் அது. பூட்டிய பிறகு பிளேடு கையால் தள்ளினால் தாராளமாக மடங்கணும். நைலான் வளையம் வைத்த நட்டை ஒரு தடவைக்கு மேல் போடாதீர்கள். தட்டின் நடுத்தண்டைக் கழற்றிப் பார்த்தபோது தக்கைப்பூண்டு நாரோடு, யாரோ வேலிக்குக் கட்டியிருந்த பழைய மீன்வலைத் துண்டும் கயிறாகத் திரிந்து ஆயில் சீலைத் தின்றிருந்தது. கியர் பாக்ஸ் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் புகுந்த அடையாளம். டீசலில் அலசி, சீல் மாற்றி, 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினோம். நாரை ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அறுத்து எடுத்திருந்தால் இது வந்திருக்காது.

டிராக்டர் செலவை நான் ஏற்றேன், புல்வெட்டிச் செலவைக் குழு பகிர்ந்துகொண்டது. "யார் போட்ட போல்ட்?" என்று கூட்டத்தில் கேட்டபோது நான் சொல்லிவிட்டேன். ஆனால் இன்னும் இரண்டு பேர் முன்பே அப்படிப் போட்டு ஓட்டியிருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. இப்போது கருவியோடு ஒரு நோட்டு போகிறது. மாட்டியவர், ஷாப்ட் அளவு, போட்ட போல்ட், பிளேடு மடங்குகிறதா என்று அதில் எழுதணும். வெட்டப் போகும் வயலில் முதல் நாளே நடந்து, கல்லுக்கும் பனைக்கட்டைக்கும் குச்சி நட்டுத் துணி கட்டுகிறோம். வெட்டும்போது ஆளும் ஆடும் அந்த வயலிலும் பக்கத்து வரப்பிலும் நிற்கக்கூடாது.

சரிசெய்த வண்டியை முதலில் கருவி இல்லாமல் பி.டி.ஓ.வை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். பிறகு ஷாப்ட் மாட்டி, புல்வெட்டியைத் தரையை ஒட்டி இறக்கி வைத்து, குறைந்த வேகத்தில் 10 நிமிடம். நிறுத்தி, கியர் பாக்ஸையும் பேரிங் மூடியையும் தொட்டுச் சூடு பார்த்து, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினோம். அரை மணி வெட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கியதில் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. மிச்சப் பூண்டை அன்று சாயங்காலமே வெட்டி முடித்தோம். அதற்குள் ஷியர் போல்ட் ஒரு தடவை அறுந்தது. டூல் பெட்டியில் 10 வாங்கி வைத்திருந்தேன், மாற்ற 5 நிமிடம் ஆனது.