பழைய சேலையில் போர்வை: கத்தரி எடுக்கும் முன் கவனிங்க!

அம்மாவின் பழைய பருத்திச் சேலையை வெட்டிப் போர்வை தைக்கப் போறீங்களா? ஒரு தடவை வெட்டிட்டா திரும்பக் கிடைக்காத துணி அது. அதனால இந்த 5 விஷயங்களை மனசுல வச்சுக்கோங்க.

1. சாயம்: ஈரமான வெள்ளைத் துணியால் சேலையின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தனியாகப் பல முறை அலசுங்கள். அப்பவும் சாயம் போகுதுன்னா, வெளிர்நிறத் துணியோடு சேர்க்காதீங்க.

2. துவையல்: புதுப் பருத்தித் துணி முதல் துவையலில் சுருங்கும். துவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லைன்னா, தைத்த போர்வை பின்னால் கோணிக்கொள்ளும்.

3. போட்டோ: துண்டுகளைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். எது அடர்த்தி, எது வெளிர் என்பது சட்டுனு தெரியும்.

4. அளவு: தையல் விளிம்பு எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி கால் அங்குலம் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பினாலும் கடைசியில் மூலைகள் சேராது.

5. அடுக்கு: அடித்துணியை நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள், சுருக்கம் விழாது.

முக்கியம்: ஒரு வயசு ஆகாத குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தாதீங்க. முகத்தை மூடினால் மூச்சுமுட்டும் ஆபத்து உண்டு.

தைத்து விற்கும் எண்ணம் இருக்கா? ஒன்றிய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் எண் கொண்டு செல்போனிலேயே பதிவு செய்யலாம். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க!